கேள்வி–பதில்: அணைத்தாலும் திரும்ப எரியும் எஞ்சின் விளக்கு

குமரி மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, பழைய பிக்கப் வண்டிகளின் மீட்டர் போர்டில் மஞ்சள் நிறத்தில் எரியும் எஞ்சின் விளக்கைப் பற்றியவை. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கடிதத்தில் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரங்கள் ஏறக்குறைய அனைத்தும் இருப்பதால் அதற்கான பதில் நீளமாக அமைந்துவிட்டது.

கேள்வி: ஐயா, என்னிடம் 2017-ஆம் ஆண்டு மாடல் டீசல் பிக்கப் ஒன்று உள்ளது. குளச்சலில் மீன் ஏற்றி, கருங்கல், மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் சந்தைக்குச் சென்று வருவதுதான் அதன் வேலை. சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அணைத்துத் தருவார். சில நாட்களில் மறுபடியும் எரியும். எரியும்போது சில வேளைகளில் வண்டி இழுப்பதே இல்லை. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. காற்றின் அளவைக் காட்டும் சென்சாரை மாற்றினோம். புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். டீசல் ஃபில்டரும் புதியது. இப்போது ஈசிஎம் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒருமுறை ஸ்கேனர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். அதில் பி0642, பி0192, பி0237 என்று மூன்று எண்களும், அவற்றின் கீழே வெப்பம் 31 டிகிரி, வேகம் 0 என்ற விவரங்களும் உள்ளன. மீன் இறக்கித் திரும்பியதும் தினமும் மாலையில் பம்ப் வைத்து வண்டியை முழுவதுமாகக் கழுவுவது எங்கள் வழக்கம். ஈசிஎம் மாற்றலாமா? — குளச்சல் வாசகர்.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பியுள்ள விவரங்களில் ஈசிஎம் மீது சந்தேகப்படுவதற்கு முன் பார்த்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதிலும் அந்த ஒரு படம், இதுவரை மாற்றிய உதிரிபாகங்கள் அனைத்தையும்விடப் பயனுள்ளது. ஒவ்வொரு முறையும் எண்களைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துக்கொண்டே வந்ததால்தான் பழுது இத்தனை நாள் பிடிபடாமல் இருந்திருக்கிறது.

விளக்கு எப்படி எரிகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசிஎம், தன்னிடம் வரும் ஒவ்வொரு சென்சாரின் மின்னழுத்தத்தையும் வண்டி ஓடும் நேரம் முழுவதும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒயர் அறுந்ததுபோலவோ எர்த்தில் தட்டியதுபோலவோ தெளிவாகத் தெரியும் மின்கோளாறுகளுக்குப் பெரும்பாலும் உடனே விளக்கை எரிய விடும். புகைக் கட்டுப்பாடு தொடர்பான பல கோளாறுகளுக்கோ, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் அதே குறை தென்பட்டால்தான் எரிய விடும். குறை நீங்கியதாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் உறுதியானால் விளக்கு தானாகவே அணையும். ஆனால் ஸ்கேனர் திரையில் எண்ணாகத் தெரியும் அந்தப் பழுதுக் குறியீடு ஈசிஎம்மின் நினைவில் தங்கியிருந்து, எஞ்சின் குளிர்ந்து மறுபடி சூடேறும் சுற்றுகள் 40 கடந்த பிறகே அழிகிறது. ஆகவே ஸ்கேனரால் அழித்த பின் சில நாட்கள் விளக்கு எரியாமல் இருந்தது பழுது நீங்கியதற்கு அடையாளமாகாது. அழிப்பதால் உறுதியாக நடப்பது ஒன்றே: பழுது ஏற்பட்ட கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் குறியீட்டோடு சேர்ந்து காணாமல் போகிறது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். பி0192 என்பது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்தளிக்கும் ரெயில் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதைக் குறிக்கும். பி0237 என்பது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் அழுத்தச் சென்சாரைப் பற்றி அதையே சொல்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டு சென்சார்களும் போய்விட்டன என்றுதான் தோன்றும். ஆனால் மீதமுள்ள எண்ணான பி0642, சென்சார்களுக்கு ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட் மின்சாரமே இறங்கிவிட்டது என்று அறிவிக்கிறது. ஒரே மேல்தொட்டிக் குழாயிலிருந்து மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் போகும்போது ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் மற்ற வீடுகளிலும் தண்ணீர் வராமல் போவதைப்போல, இந்த 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் சென்சார்களில் ஒன்றிலோ அதன் ஒயரிலோ எர்த் தட்டினால், அதில் சேர்ந்த மற்ற சென்சார்களும் பொய்யான அளவைக் காட்டும். காற்றுச் சென்சாருக்கும் இஜிஆர் வால்வுக்கும் இந்த எண்களில் எந்தப் பங்கும் இல்லை. அவற்றுக்குச் செலவழித்த பணம் வீண் என்று சொல்ல வருத்தமாக இருந்தாலும், சொல்லாமல் இருப்பது உங்களுக்கு உதவாது.

குறியீடுகளின் கீழே இருந்த இரண்டு விவரங்களும் முக்கியமானவை. வெப்பம் 31 டிகிரி, வேகம் 0 என்றால், எஞ்சின் இரவு முழுவதும் நின்று குளிர்ந்து, விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யப்பட்ட நேரத்திலேயே பழுது பதிவாகியிருக்கிறது. முந்தைய மாலையில்தான் பம்ப் வைத்துக் கழுவியிருக்கிறீர்கள். கடற்கரையில் ஓடும் மீன் வண்டி, ஐஸ் உருகி வழியும் உப்புநீர், மழைக்காலம், அழுத்தத்தோடு பீய்ச்சப்படும் தண்ணீர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், சென்சார் ஒன்றில் ஒயரை மாட்டும் கப்ளருக்குள் ஈரமும் உப்பும் புகுந்திருக்கின்றன என்பதே என் முதல் ஊகம். எஞ்சின் சூடேறியதும் ஈரம் காய்ந்து குறை மறைவதும், சில நாள் கழித்துத் திரும்புவதும் அதனோடு பொருந்துகின்றன. சாவியை அணைத்துப் போட்டதும் சரியாவதற்குக் காரணம், 5 வோல்ட் இணைப்பில் கோளாறு கண்டதும் ஈசிஎம் பாதுகாப்புக்காக எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிட்டு, அடுத்த முறை சாவி போடும்போது புதிதாகச் சோதித்துப் பார்ப்பதுதான்.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும், உங்கள் வண்டியின் ஒயரிங் படமும், பொறுமையுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரும் போதும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நாளில், குறியீடுகளை அழிக்காமல், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுக்கொண்டு, டர்போ அழுத்தச் சென்சாரின் கப்ளரில் 5 வோல்ட் ஒயரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது 5 வோல்டுக்கு மிகக் குறைவாக, ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டினால், மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அந்த இணைப்பைப் பகிரும் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் மின்னழுத்தம் சட்டென்று 5 வோல்டுக்கு ஏறுகிறதோ, பழுது அந்தச் சென்சாரிலோ அதன் கப்ளரிலோ இருக்கிறது. கழற்றும்போது புதிய குறியீடுகள் பதிவாகும் என்பதால் பழையவற்றை முன்பே எழுதி வைத்துக்கொள்வது அவசியம். விளக்கு எரியாத நாளில் சோதிக்க நேர்ந்தால், எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனர் திரையைப் பார்த்தபடி ஒயர் கட்டைக் கையால் மெதுவாக வளைத்தும் அசைத்தும் பார்க்கலாம். எந்த இடத்தைத் தொடும்போது அளவு துள்ளுகிறதோ அங்கே நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும்.

கப்ளரைக் கழற்றும்போது பூட்டு நாக்கை உடைத்துவிடாமல் அழுத்தி இழுக்க வேண்டும். இத்தனை ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளமாய் நொறுங்கும் நிலையில் இருக்கும். உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நல்ல பின் வெள்ளி நிறத்திலோ பொன்னிறத்திலோ மினுங்கும். உப்பு பட்ட பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். இரண்டு பின்களுக்கு நடுவே அந்தக் களிம்பு பாலம்போல் படர்ந்திருந்தால் தேடியது கிடைத்துவிட்டது. கப்ளரின் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சுருங்கியோ கிழிந்தோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பு யாராவது ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், டேப்பைப் பிரித்து, ஒயரின் தோலைச் சிறிது சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் உப்பு ஒயருக்குள்ளேயே ஏறிவிட்டது என்று பொருள்; கறுப்பு முடிந்து செம்பு நிறம் தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ஒயரை இணைக்க வேண்டும். ஈயம் வைத்தோ சரியான கருவியால் கிரிம்ப் செய்தோ இணைத்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுவதுதான் கடற்கரைக்கு ஏற்ற முறை. இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குத் தாங்கும். மறு மழைக்குத் தாங்காது.

பின்களைச் சுத்தம் செய்ய உப்புத்தாளையோ பெட்ரோலையோ பயன்படுத்த வேண்டாம். உப்புத்தாள் மேல் பூச்சை உரித்துவிடும். பெட்ரோல் ரப்பர் சீலைக் கெடுக்கும். எலெக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் கிடைக்கும் ஸ்பிரேயே போதும். காய்ந்த பிறகு சீலின் மீது டை-எலெக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடலாம். களிம்பு பின்னைத் தின்றுவிட்டிருந்தால், அந்தக் கப்ளரை ஒயரோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

இதே வேளையில் எர்த் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். மீன் வண்டிகளில் பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டைகளின் போல்டு அடியில் துரு ஏறாத வண்டியைக் காண்பதே அரிது. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத் தெரியும். கழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அப்போது அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இருக்கையின் கீழோ டாஷ்போர்டின் பின்னோ உள்ள சென்சார் எர்த்தில் இந்த அளவு 0.1 வோல்டைத் தாண்டக் கூடாது.

எல்லாக் கப்ளர்களையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் ஏறவில்லை என்றால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். பேட்டரியைப் பிரித்துவிட்டு, ஈசிஎம்மின் பெரிய கப்ளரைக் கழற்றி, அந்த 5 வோல்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று அளக்க வேண்டும். தொடர்பு இருந்தால் ஒயர் கட்டு எங்கோ உராய்ந்து எர்த்தில் தட்டுகிறது. எஞ்சின் பிராக்கெட்டின் விளிம்பிலும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டின் துளையிலும் தேடுங்கள். தொடர்பு இல்லாமல், ஒயரும் சென்சார்களும் சரியாக இருந்து, ஈசிஎம்முக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் 5 வோல்ட் வரவில்லை என்று நிரூபணமான பிறகே ஈசிஎம்மைக் குறை சொல்லலாம். வேறு வண்டியிலிருந்து எடுத்த ஈசிஎம்மை மாட்டினால் சாவியைச் சரிபார்க்கும் மின்னணுப் பூட்டு ஒத்துக்கொள்ளாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகவும் வாய்ப்புண்டு. அதற்கு நிரல் ஏற்றுவது தனி வேலை, தனிச் செலவு.

சரிசெய்த பின் ஸ்கேனரின் நேரடி அளவுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் போட்ட நிலையில் டர்போ அழுத்தச் சென்சார் காற்றுமண்டல அழுத்தத்தையே காட்ட வேண்டும்; கடல் மட்டத்தில் உள்ள குளச்சலில் அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். ரெயில் அழுத்தச் சென்சாரின் மின்னழுத்தம் அந்த நிலையில் பெரும்பாலான வண்டிகளில் அரை வோல்ட் அளவில் நிற்கும். இவை சரியாக இருந்தால் குறியீட்டை அழித்துவிட்டு, வழக்கம்போல் லோடு ஏற்றிக் களியக்காவிளை தாண்டிப் போய் வாருங்கள். மாலையில் பின்பெட்டியைத் தாராளமாகக் கழுவலாம். ஆனால் எஞ்சின் பகுதிக்குள் பம்ப் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கழுவுவதற்கு நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். துறைமுகத்து உப்புநீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல்.

கேள்வி: கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். என் பிக்கப்பில் மாட்டினால் ஸ்கேனரின் விளக்குகூட எரியவில்லை. நண்பரின் காரில் வேலை செய்கிறது. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினால் எஞ்சின் விளக்கு அணைந்துவிடுவதால் ஸ்கேனரே தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். — மார்த்தாண்டம் வாசகர்.

பதில்: ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் கட்டாயமாக்கப்பட்ட அதே வடிவம்தான் இது. அதில் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும் 4, 5-ஆம் பின்களில் எர்த்தும் வர வேண்டும். ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் 16-ஆம் பின்னுக்கு மின்சாரம் இல்லை என்று பொருள். பல வண்டிகளில் இதற்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அதில் கைப்பேசிச் சார்ஜர் மாட்டி ஃபியூஸ் போயிருந்தால் இங்கும் மின்சாரம் வராது. முதலில் அதைப் பாருங்கள். ஸ்கேனரின் விளக்கு எரிந்தும் அது வண்டியோடு பேசவில்லை என்றால் அது வேறு விஷயம்: நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 1-இல்தான். அதற்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில், குறிப்பாக மெக்கானிக்கல் பம்ப் உள்ளவற்றில், பேசுவதற்கு ஈசிஎம்மே இருக்காது.

இத்தகைய சிறிய ஸ்கேனர் பி0 என்று தொடங்கும் பொதுக் குறியீடுகளையும், அவை பதிவான கணத்தின் விவரங்களையும், நேரடி அளவுகளையும் காட்டும். பி1 என்று தொடங்கும் தயாரிப்பாளரின் தனிக் குறியீடுகளுக்கு அது தரும் விளக்கம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் வண்டிக்கு உரியதாக இருக்கும். அதை நம்பி உதிரிபாகம் வாங்க வேண்டாம். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே விட்டால் பழைய பேட்டரியைச் சில நாட்களில் இறக்கிவிடும். பேட்டரி முனையைக் கழற்றும் யோசனை, குளச்சல் வாசகரின் வண்டியில் நடந்ததையே உங்கள் வண்டியிலும் நடத்திவிடும். விளக்கு அணையும், ஆனால் படிக்க வேண்டிய பதிவு முழுவதும் அழியும், ஈசிஎம் கற்றுவைத்திருந்த திருத்தங்களும் போய்விடும்.

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ரப்பர் ஷீட்டும் அன்னாசியும் ஏற்றுகிறோம். சமதளத்தில் எந்தக் குறையும் இல்லை. லோடோடு ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் விளக்கு எரிந்து இழுவை போகிறது. ஒருமுறை பி0299, மறுமுறை பி0087 என்று காட்டியது. ஒரு ஒர்க்ஷாப்பில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். — குலசேகரம் வாசகர்.

பதில்: லோடு ஏறும்போது மட்டும் வரும் குறையை நின்ற இடத்தில் தேடினால் கிடைக்காது. ஓட்டுநர் அருகில் ஒருவர் ஸ்கேனரோடு அமர்ந்து, அதே ஏற்றத்தில், அதே லோடோடு, ஈசிஎம் கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குறியீடுகளும் தனித்தனி நாட்களில் வந்திருப்பதால் இரண்டு குறைகளும் இருக்கலாம், எளியதிலிருந்து தொடங்குங்கள்.

பி0299 என்பது டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே; டர்போ கெட்டது என்று அது சொல்லவில்லை. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி, அடிப்புறத்தை வளைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூடியும், அழுத்தம் ஏறும்போது வாய் திறந்தும் கொள்ளும் விரிசல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்; அவற்றைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புத் திட்டு அடையாளம் காட்டும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கூம் குழாயையும் விட்டுவிடாதீர்கள். தோட்டப் பகுதியில் இரவில் நிற்கும் வண்டிகளில் எலியும் அணிலும் அதைக் கடித்துவைப்பது சாதாரணம். ஹோஸும் குழாயும் கிளாம்பும் ஏர் ஃபில்டரும் சரியாக இருந்த பிறகே டர்போவைக் கழற்ற வேண்டும்.

பி0087 என்பது ரெயில் குழாயில் டீசல் அழுத்தம் குறைவு. ஐட்லிங்கில் ஏறக்குறைய 300 பார் அளவில் இருக்கும் இந்த அழுத்தம், முழு லோடில் பல எஞ்சின்களில் 1600 பார் வரை ஏற வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் ஐட்லிங்குக்கு வேண்டிய டீசல் கிடைத்துவிடும்; ஏற்றத்துக்கு வேண்டியது கிடைக்காது. தோட்டங்களில் கேனில் வைத்திருந்த டீசலை ஊற்றும் பழக்கம் இருந்தால், மழைக்காலத்தில் அதில் தண்ணீர் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியே பிரிந்து நிற்கும். டேங்கிலிருந்து வரும் குழாயில் ஓரிடத்தில் ஒளி புகும் குழாயை இடையில் பொருத்திப் பார்த்தால் காற்றுக் குமிழி வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது, இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் மிச்ச டீசலை அளக்கும் ரிட்டன் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டன் குழாய்களையும் கழற்றி, தனித்தனியாக நான்கு ஒரே அளவுப் பாட்டில்களில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட மிக விரைவாக நிறைந்தால், பம்ப் ஏற்றும் அழுத்தத்தை அந்த இன்ஜெக்டர் கசியவிடுகிறது. பம்பை மாற்றினாலும் பயன் இராது. ஓர் எச்சரிக்கை: இது ரிட்டன் குழாய்க்கு மட்டுமே. பழைய எஞ்சின்களில் செய்ததுபோல, ஓடும் எஞ்சினில் இரும்பு ஹை பிரஷர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளிக் காயமாகத் தெரிந்தாலும் கையையே இழக்க நேரிடலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: மஞ்சள் விளக்கு எரியும்போது லோடோடு தொடர்ந்து ஓட்டலாமா? பாதி வழியில் நிறுத்தினால் பூ வாடிவிடுகிறது. — தோவாளை வாசகர்.

பதில்: வண்டி வழக்கம்போல் இழுத்து, புகையோ புதிய சத்தமோ இல்லாமல், மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சந்தை வரை மிதமான வேகத்தில் ஓட்டிச் செல்லலாம், அன்றைக்கே குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். இழுவை போய்விட்டால் ஓரமாக நிறுத்தி ஒருமுறை சாவியை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம்; மறுபடியும் அதே நிலை என்றால் லோடை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் விளக்கு சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைச் சூடாக்கிக் கெடுக்கிறது. வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்த வேண்டும். எஞ்சின் விளக்கோடு சிவப்பு ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சேர்ந்து எரிந்தால் பூவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வந்துள்ளது. எஞ்சின் விளக்கு ஒருபோதும் எரிந்ததில்லை என்று உரிமையாளர் சொல்கிறார். சாவி போடும்போதும் எரியவில்லை. நம்பி வாங்கலாமா? — ஆரல்வாய்மொழி வாசகர்.

பதில்: சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும், எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் அணைய வேண்டும். சாவி போடும்போதும் எரியாத விளக்கு, பல்பு போனதாகவோ, மீட்டருக்குள் கறுப்பு டேப் ஒட்டி மறைக்கப்பட்டதாகவோ இருக்கலாம். விலை பேசுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டிக் குறியீடுகளைப் படியுங்கள். குறியீடு எதுவும் இல்லை, ஆனால் ஈசிஎம் தானாகச் செய்யும் சுயசோதனைகள் பெரும்பாலும் முடியாத நிலையில் இருப்பதாகத் திரை காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள். அப்படியானால் சில நாட்கள் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு, பிறகு வந்து மறுபடியும் படித்துப் பாருங்கள். உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.